பழைய லாரியில் ஈசிஎம் மாற்றுதல்: பெட்டியைக் கழற்றுவதற்கு முன்பும் பின்பும்

செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுழற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனர் கருவியைச் செருகினால் அது இன்ஜினோடு தொடர்புகொள்ள முடியாமல் நிற்கிறது. நேற்றுவரை ஓடிய லாரி இன்று இப்படி நடந்துகொண்டால் பலரும் உடனே சொல்லும் காரணம், 'ஈசிஎம் போய்விட்டது' என்பதுதான். ஈசிஎம் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் மாட்யூல் உண்மையாகவே பழுதாவது உண்டு. வண்டிக்கு வயதாக ஆக அந்த வாய்ப்பு கூடவும் செய்கிறது. ஆனாலும், பழுது என்று கழற்றப்படும் பெட்டிகளில் எந்தக் குறையும் இல்லாதவை கணிசமாக இருக்கின்றன. பெட்டிக்கு வர வேண்டிய மின்சாரம் வராவிட்டாலோ, எங்கோ ஒரு சென்சார் ஷார்ட் ஆகியிருந்தாலோ, நல்ல பெட்டியும் செத்த பெட்டியைப் போலவே காட்சியளிக்கும். ஆகவே இந்த வேலையில் பெரும்பகுதி பெட்டிக்கு வெளியேதான் நடக்கிறது. ஸ்பானரைப் பிடித்துப் பெட்டியைக் கழற்றி மாட்டும் பகுதி மிகச் சிறியது.

முதலில், அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட் ஆகியவற்றின் நிலை, கூலன்ட் வெப்பம், ஆக்ஸிலரேட்டர் பெடல் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது, உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தம், எரிபொருள் அழுத்தம் முதலியவற்றைச் சென்சார்கள் மின்குறிகளாக அனுப்புகின்றன. இந்தச் சென்சார்களில் பலவற்றுக்கு ஈசிஎம்தான் 5 வோல்ட் வழங்குகிறது. திரும்பி வரும் குறிகளைத் தன் நினைவகத்தில் உள்ள அட்டவணைகளோடு ஒப்பிட்டு, எந்த இன்ஜெக்டரை எந்தக் கணத்தில் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று அது கணக்கிடுகிறது. அதன்படி இன்ஜெக்டர்களையும், மின்சுவிட்சுகளான ரிலேக்களையும், மின்காந்தத்தால் அசையும் வால்வுகளான சாலினாய்டுகளையும் இயக்குகிறது. இவற்றில் ஒன்றை நினைவில் நன்றாகப் பதித்துக்கொள்வது நல்லது: பெட்டிக்குள் மின்னணுப் பலகை மட்டும் இல்லை, இன்ஜினை இயக்கும் மென்பொருளும், அந்தக் குறிப்பிட்ட லாரிக்கு மட்டுமே பொருந்தும் தகவல்களும் சேர்ந்தே இருக்கின்றன. புதிதாக வாங்கும் பெட்டியில் பலகை இருக்கும். மற்ற இரண்டும் பெரும்பாலும் நாமே ஏற்ற வேண்டியவை.

'பழைய லாரி' என்ற சொல்லின் எல்லையும் இங்கே முக்கியம். கனரக டீசல் இன்ஜின்களில் மின்னணுக் கட்டுப்பாடு 1980களின் நடுப்பகுதியில்தான் நுழைந்தது. டெட்ராய்ட் டீசல் நிறுவனம் தன் டிடெக் அமைப்பை 1985இல் கொண்டுவந்தது. 1987இல் வந்த அதன் சீரிஸ் 60 இன்ஜின் தொடக்கத்திலிருந்தே மின்னணுக் கட்டுப்பாட்டோடு வடிவமைக்கப்பட்டது. அந்தக் காலத்துக் கனரக லாரிகள் ஜே1708 என்ற மெதுவான தகவல் இணைப்பைப் பயன்படுத்தின. அவற்றில் ஸ்கேனரைச் செருகும் கனெக்டருக்கு 6 பின்கள் இருக்கும். பின்னர் வந்தவை கேன் பஸ் முறையில், அதாவது பெட்டிகள் இரண்டு வயர்கள் வழியே வேகமாகத் தகவல் பரிமாறும் முறையில், இயங்கும் ஜே1939க்கு மாறின; அவற்றின் கனெக்டருக்கு 9 பின்கள். இலகுரக லாரிகளில், அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயமான, ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் தரத்துக்குரிய 16 பின் கனெக்டரைக் காணலாம். உங்கள் வண்டி இவற்றில் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று தெரியாமல் சோதனையில் இறங்கினால், இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்க நேரிடும்.

ஈசிஎம் ஏன் பழுதாகிறது?

வயது ஒரு காரணம். பலகையில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் உலர்ந்து திறன் இழக்கின்றன. சில, உள்ளிருக்கும் திரவத்தைக் கசியவிட்டு, அருகிலுள்ள செப்புத் தடங்களை அரிக்கின்றன. பல கனரக இன்ஜின்களில் ஈசிஎம் இன்ஜின் மீதே பொருத்தப்பட்டிருப்பதால், நாள்தோறும் சூடாவதும் குளிர்வதும் ஓயாத அதிர்வும் சேர்ந்து சால்டர் இணைப்புகளில் மயிரிழை விரிசல்களை உண்டாக்குகின்றன. காலையில் ஒழுங்காகக் கிளம்பி, இன்ஜின் நன்கு சூடேறிய பிறகு நின்றுவிட்டு, ஆறியதும் மீண்டும் ஓடும் லாரியில் இத்தகைய விரிசல் ஒரு நியாயமான சந்தேகமே. ஆனால் கிராங்க் சென்சார் பழுதானாலும் லாரி அச்சு அசலாக இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதால், அந்தச் சந்தேகத்தை உடனே முடிவாக்கிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது காரணம் நீர். கனெக்டரின் ரப்பர் சீல் வெடித்திருந்தால் நீர் நேராக உள்ளே போகும். அவ்வளவு எளிதில் கண்ணில் படாத வழியும் உண்டு: எங்கோ தொலைவில் காப்புறை கிழிந்த ஒரு வயரின் இழைகளுக்கிடையே ஊறி, வயருக்குள்ளேயே பயணம் செய்து கனெக்டரை அடையும் நீர் பின்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்து நிற்கும்.

மூன்றாவது காரணத்தை மனிதர்களே உண்டாக்குகிறார்கள். பேட்டரியையும் ஈசிஎம் கனெக்டரையும் கழற்றாமல் சேஸிஸில் ஆர்க் வெல்டிங் செய்வது, ஜம்பர் கேபிளை நேர், எதிர் மாற்றிக் கொடுப்பது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது ஆகிய மூன்றும் நல்ல பெட்டியை ஒரே நொடியில் கெடுக்கக்கூடியவை. பெட்டி பழுதாவதற்கு முன்பு அந்த லாரியில் என்ன வேலை நடந்தது என்று கேட்பது, மல்டிமீட்டரைத் தொடுவதற்கு முன்பே பாதி விடையைக் கொடுத்துவிடும்.

நான்காவது காரணம்தான் புதிய பெட்டியை வாங்குபவரை மிகவும் பாதிக்கிறது. ஈசிஎம் இயக்கும் ஏதாவது ஒரு இன்ஜெக்டர் காயிலோ சாலினாய்டிலோ ஷார்ட் ஏற்பட்டால், அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து பெட்டிக்குள் அந்தக் காயிலுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரைவர் டிரான்சிஸ்டரை எரிக்கிறது. பழைய பெட்டியைக் கொன்ற அந்த சாலினாய்டை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பெட்டியைப் பொருத்தினால், முதல் முறை சாவியைத் திருப்பும்போதே அதுவும் எரிந்துபோகலாம். எனவே பெட்டி பழுது என்று உறுதியானாலும் வேலை அங்கே முடிவதில்லை. அது இயக்கும் ஒவ்வொரு காயிலின் மின்தடையையும் அளந்து, ஒரே வகையைச் சேர்ந்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் ஒன்றைத் தேட வேண்டும். சந்தேகம் தீர்க்க, ஓடும் இன்னொரு லாரியின் பெட்டியை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதை நான் எதிர்ப்பதற்கும் இதுவே காரணம். ஒரு லாரி நின்ற இடத்தில் இரண்டு லாரிகள் நிற்க நேரிடும்.

பெட்டி மீது பழி போடும் முன்

சோதனையைச் சாவியிலிருந்தே தொடங்கலாம். இக்னிஷனைப் போட்டவுடன் டாஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு சில நொடிகள் எரிய வேண்டும். அது எரியவே இல்லை என்றால், பல்பு போயிருக்கலாம். அல்லது ஈசிஎம்முக்கு மின்சாரமே வராமல் இருக்கலாம். அல்லது அது உண்மையாகவே செத்திருக்கலாம். ஸ்கேனர் உயிர் பெறவில்லை என்றால், அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஃபியூஸை முதலில் பாருங்கள். பல இலகுரக வண்டிகளில் சிகரெட் லைட்டரும் ஸ்கேனர் கனெக்டரும் ஒரே ஃபியூஸைப் பகிர்ந்துகொள்கின்றன; அந்தச் சிறு ஃபியூஸ் ஒன்று போனதற்காக ஈசிஎம் மாற்றப்படுவது வேடிக்கை போலத் தோன்றினாலும் நடக்காத காரியம் இல்லை.

அடுத்தது பேட்டரி. முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் லாரிகளில் அது ஏறத்தாழ 25.2 ஆக இருக்கும். இந்த அளவைவிட முக்கியமானது, செல்ஃப் மோட்டார் சுழலும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பது. 12 வோல்ட் அமைப்பில் அது 9.6க்கும் கீழே விழுந்தால், இன்ஜின் சுழல்வதற்குப் போதுமான சக்தி இருந்தும் ஈசிஎம் அணைந்து மீண்டும் தொடங்கிக்கொண்டே இருக்கலாம். பார்ப்பவருக்கு அது பழுதான பெட்டியாகவே தெரியும்.

பேட்டரி நன்றாக இருந்தால், வயரிங் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஈசிஎம் கனெக்டருக்குப் போக வேண்டும். வரைபடம் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேட்டரியிலிருந்து நேராக வரும் பின்கள் சில, சாவி வழியாக வரும் பின்கள் சில, எர்த் பின்கள் சில என்று ஒவ்வொரு பெட்டிக்கும் பல இருக்கும். அவற்றில் ஒன்று விடுபட்டாலும் போதும், பெட்டி தடுமாறும். இங்கே புதியவர்கள் ஒரு பொறியில் சிக்குகிறார்கள். மல்டிமீட்டர் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்வதால், இருபது இழைகளில் ஒரே ஓர் இழை மட்டும் அறுபடாமல் எஞ்சியிருக்கும் வயரும் மீட்டரில் முழு 12 வோல்ட்டைக் காட்டும். ஆனால் ஈசிஎம் வேலை செய்யத் தொடங்கி மின்னோட்டத்தைக் கேட்டவுடன் அது கைவிரித்துவிடும். ஆகவே சோதனை பளுவோடு நடக்க வேண்டும். ஈசிஎம்மிலிருந்து கனெக்டரைக் கழற்றிவிட்டு, அதன் மின் வழங்கு பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே, அந்த அமைப்பின் வோல்டேஜுக்குரிய ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைத்துப் பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் அந்த வழி நல்லது; மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ அரிப்போ தளர்வோ இருக்கிறது. இந்தப் பல்புச் சோதனையை மின் வழங்கு பின்களிலும் எர்த் பின்களிலும் மட்டுமே செய்ய வேண்டும். சென்சார் வயர்களில் ஒருபோதும் செய்யக் கூடாது.

எர்த்துக்கென்றே தனியாக இன்னொரு சோதனை உண்டு. எல்லாக் கனெக்டர்களும் பொருத்தப்பட்ட நிலையில், மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும், சிவப்பு முனையை ஈசிஎம் எர்த் வயரிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் சரி. அதைவிடக் கூடினால், சேஸிஸில் போல்ட் செய்யப்பட்ட எர்த் முனையைக் கழற்றித் துருவைச் சுரண்டி மீண்டும் இறுக்குவதிலேயே பல பழுதுகள் தீர்ந்துவிடுகின்றன. மீட்டர் முனையைக் கனெக்டரின் முன்பக்கமாகத் திணிக்காமல், வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசி முனையால் தொட வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தடித்த முனையை முன்பக்கம் திணித்தால் பெண் டெர்மினல் விரிந்து, அதுவரை இல்லாத ஒரு புதிய பழுது உருவாகும்.

மின்சாரமும் எர்த்தும் சரி என்றால், 5 வோல்ட்டைப் பார்க்க வேண்டும். ஈசிஎம் வழங்கும் இந்த 5 வோல்ட்டைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்வதால், ஒரே ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் அந்த வரிசையில் உள்ள அத்தனை சென்சார்களும் ஊமையாகிவிடும். ஸ்கேனரில் ஒரே நேரத்தில் ஐந்தாறு சென்சார் கோளாறுகள் வரிசையாகத் தெரிந்தால், அத்தனையும் ஒன்றாகப் பழுதாகியிருக்கும் என்று நம்புவதைவிட, இந்த 5 வோல்ட் வழியைச் சந்தேகிப்பதே அறிவுடைமை. ஒரு சென்சாரின் கனெக்டரைக் கழற்றி அங்கே 5 வோல்ட் வருகிறதா என்று அளந்துகொண்டே, மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் வராவிட்டால், பேட்டரியைத் துண்டித்து, ஈசிஎம் கனெக்டரையும் கழற்றிவிட்டு, அந்த 5 வோல்ட் வயர் எங்காவது உராய்ந்து சேஸிஸைத் தொடுகிறதா, நடுவில் அறுந்திருக்கிறதா என்று மின்தடையை அளந்து பார்க்க வேண்டும். வயரும் நல்லது என்று தெரிந்தால், அப்போதுதான் விரல் பெட்டியை நோக்கித் திரும்ப வேண்டும்.

ஸ்கேனர் தொடர்பு கிடைக்காத லாரிகளில் கேன் பஸ்ஸைச் சோதிப்பது எளிது. பேட்டரியைத் துண்டித்துவிட்டு, ஸ்கேனர் கனெக்டரில் அதன் இரண்டு வயர்களுக்கும் இடையே மின்தடையை அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். வழியின் இரு முனைகளிலும் தலா 120 ஓம் ரெசிஸ்டர்கள் இணையாக இருப்பதால் இந்த எண் கிடைக்கிறது. 120 காட்டினால் ஒரு முனையின் ரெசிஸ்டர் விடுபட்டிருக்கிறது அல்லது வயர் நடுவில் அறுந்திருக்கிறது; பூஜ்யத்தை நெருங்கினால் இரு வயர்களும் ஒன்றையொன்று தொடுகின்றன. ஜே1708 மட்டுமே உள்ள பழைய லாரிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கோளாறு எண்களும் ஓரளவு உதவும். இலகுரக லாரிகளில் பி0601, பி0606 ஆகியவையும், கனரக லாரிகளில் எஃப்எம்ஐ (கோளாறின் வகையைச் சொல்லும் எண்) 12 என்ற குறியும், பெட்டி தன்னுள்ளேயே குறை கண்டிருப்பதைச் சொல்கின்றன. ஆனால் பலவீனமான பேட்டரியும் இத்தகைய எண்களைத் தூண்டக்கூடும் என்பதால், மேற்சொன்ன சோதனைகளை முடித்து, எண்ணை அழித்து, அது திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும். சில இன்ஜின்களில் இன்ஜெக்டர்களை இயக்கத் தனிப் பெட்டி இருப்பதையும் மறக்கக் கூடாது. ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசலில் அந்தத் தனிப் பெட்டி ஏறத்தாழ 48 வோல்ட்டை உருவாக்க வேண்டும். அது 45க்கும் கீழே போனால் குளிரில் கிளம்பாமை, நடுக்கம் என்று பல தொல்லைகள் வரும். ஈசிஎம்மை மாற்றினாலும் அவை தீரா. இன்ஜெக்டர் வயர்களில் பேட்டரியைவிடப் பல மடங்கு வோல்டேஜ் பாயக்கூடும் என்பதால், இன்ஜின் ஓடும்போது அவற்றில் கை வைக்கக் கூடாது.

எந்தப் பெட்டியை வாங்குவது?

புதியது, மறுஉற்பத்தி செய்யப்பட்டது, பழைய வண்டியிலிருந்து கழற்றியது என்று மூன்று வகைப் பெட்டிகள் கிடைக்கின்றன. இருக்கும் பெட்டியையே பழுதுபார்க்க அனுப்புவது நான்காவது வழி. உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்கு இந்த நான்காவது வழியே பெரும்பாலும் சிறந்தது என்பது என் கருத்து. லாரியின் தகவல்கள் உள்ளேயே பத்திரமாக இருப்பதால், திரும்பி வந்த பெட்டியைப் பொருத்தினால் பல வேளைகளில் வேறு எதையும் ஏற்ற வேண்டியிருக்காது. பலகை முழுவதையும் ரப்பர் போன்ற பூச்சில் மூழ்கடித்துத் தயாரித்த பெட்டிகளைப் பழுதுபார்ப்பது மட்டும் கடினம்.

வேறு பெட்டி வாங்குவதானால், உருவமும் கனெக்டரும் ஒன்றாக இருப்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒரே அச்சில் வார்த்தது போன்ற இரு பெட்டிகள் வெவ்வேறு குதிரைத்திறன் இன்ஜின்களுக்கானவையாக இருக்கலாம். லேபிளில் உள்ள பாக எண்ணைத் தெளிவாகப் புகைப்படம் எடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஓர் எண்ணுக்குப் பதிலாக இன்னொன்றை உற்பத்தியாளரே அங்கீகரித்திருந்தால் மட்டும் அந்த மாற்றை ஏற்கலாம். உரிய சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்ப விடாத இமொபிலைசர் உள்ள வண்டிகளில், கழற்றிய பெட்டி அதன் பழைய வண்டியின் சாவியையே தேடும். அதை மறக்கச் செய்யும் வசதி இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

தகவல்களை ஏற்றுதல்

பழைய பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருந்து ஸ்கேனரோடு பேசுகிறது என்றால், அதைக் கழற்றும் முன்பே உள்ளிருக்கும் எல்லாவற்றையும் படித்துச் சேமித்துவிட வேண்டும். வண்டியின் அடையாள எண், மென்பொருளின் பதிப்பு எண், ஓடிய தூரம், இன்ஜின் மணி ஆகியவற்றோடு, உரிமையாளரின் தேவைக்கேற்ப அமைக்கப்பட்ட அளவுகளும் அங்கே இருக்கும்: அதிகபட்ச வேகம், டயர் அளவு, பின் ஆக்ஸிலின் விகிதம், ஐடிலிங் வேகம், பிடிஓ (இன்ஜின் சக்தியைப் பிற கருவிகளுக்கு எடுத்துக் கொடுக்கும் பகுதி) அமைப்பு போன்றவை. டயர் அளவையும் ஆக்ஸில் விகிதத்தையும் தவறாகக் கொடுத்தால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும். வேகக் கட்டுப்பாடு தவறான இடத்தில் குறுக்கிடும்.

இன்ஜெக்டர் எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே வரிசையில் தயாரான இரண்டு இன்ஜெக்டர்கள்கூட மிகச் சரியாக ஒரே அளவு டீசலைத் தெளிப்பதில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் சோதித்து, அதன் சிறு விலகலை ஒரு குறியீட்டு எண்ணாக அதன் மேலேயே பொறித்துவிடுகிறார்கள். அந்த எண்ணை எந்த சிலிண்டருக்கு உரியதோ அங்கே பதிவு செய்தால், ஈசிஎம் அந்த விலகலை ஈடுகட்டித் தெளிப்பு நேரத்தைத் திருத்துகிறது. இந்த முறையைப் பயன்படுத்தும் இன்ஜின்களில் பழைய பெட்டியிலிருந்து எண்களை எடுக்க முடியாமல் போனால், வால்வு கவரைத் திறந்து ஒவ்வொரு இன்ஜெக்டரையும் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ள நேரிடலாம். எண்களை இடம் மாற்றிப் பதிந்தால் இன்ஜின் ஓடும். ஆனால் ஐடிலிங்கில் நடுங்கும், சில வேளை புகையும்.

மென்பொருள் ஏற்றும்போது வோல்டேஜ் ஆடாமல் நிற்க வேண்டும். சாதாரண பேட்டரி சார்ஜரின் மின்சாரம் போதுமான அளவு சீரானதாக இருக்காது என்பதால், இதற்கென்றே உள்ள நிலையான மின்வழங்கியைப் பயன்படுத்துவது வழக்கம். ஹெட்லைட், புளோயர் ஆகியவற்றை அணைத்துவிட்டு, மடிக்கணினி நடுவில் உறங்கிவிடாதபடி அமைத்துவிட்டு, வேலை முடியும்வரை யாரும் கதவையோ சாவியையோ தொடாமல் இருக்க வேண்டும். பாதியில் அறுந்தால் சில பெட்டிகளை மீட்கலாம். சிலவற்றை மீட்க முடியாது.

பொருத்துதலும் முதல் ஓட்டமும்

கழற்றிப் பொருத்தும் வேலையில் சொல்ல அதிகம் இல்லை. சாவியை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்துப் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். நிலைமின்சாரம் பெட்டியைக் கெடுக்கும் என்பதால், அதை எடுக்கும் முன் வண்டியின் வெறும் உலோகப் பகுதி ஒன்றைத் தொட்டுக்கொள்ளுங்கள். பின்களில் விரல் பட வேண்டாம். சில இன்ஜின்களில் ஈசிஎம்முக்குப் பின்னால் டீசல் பாய்ந்து குளிர்விக்கும் தட்டு ஒன்று இருக்கும். அதன் குழாய்களை அவிழ்த்திருந்தால் மீண்டும் பொருத்தும்போது கசிவு பார்க்க வேண்டும். அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் இறுகிப்போயிருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். கனெக்டர் பின்களை உப்புத்தாளால் தேய்க்காமல், மின் இணைப்புகளுக்கான கிளீனர் திரவத்தால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். வயர்க்கட்டு கனெக்டருக்குள் நுழையும் முன் சற்றுத் தாழ்ந்து வளைந்து வருமாறு கட்டிவிட்டால், வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பேட்டரியை இணைத்தவுடன் செல்ஃப் அடிக்க அவசரப்பட வேண்டாம். சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் சென்சார் அளவுகளைப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற இன்ஜினில் கூலன்ட் வெப்பமும் உள்வரும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். பூஸ்ட் அழுத்தம், அதாவது இன்ஜினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தம், அந்த இடத்தின் காற்றழுத்தத்தை, கடல்மட்டத்துக்கு அருகே என்றால் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கலைக் காட்ட வேண்டும். பெடலை மெதுவாக அழுத்தினால் அளவு தாவாமல் சீராக ஏற வேண்டும். இவை பொருந்தினால் பெட்டியும் வயரிங்கும் ஒத்துப்போகின்றன என்று பொருள். பிறகு இன்ஜினைக் கிளப்பி, அந்த மாடலுக்குக் கிராங்க் சென்சாரையோ திராட்டிலையோ மீண்டும் பழக்கப்படுத்தும் முறை இருந்தால் அதைச் செய்து, கோளாறு எண்களை அழித்து, இன்ஜின் நன்கு சூடேறும்வரை பளுவோடு ஓட்டிப் பார்த்து, எண்களை மறுபடியும் படிக்க வேண்டும். புதிய பெட்டியில் தூரமோ இன்ஜின் மணியோ வேறாகத் தொடங்கினால், மாற்றிய நாளையும் பழைய அளவையும் வண்டியின் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

மறுஉற்பத்திப் பெட்டியை விற்பவர்கள் பழையதைத் திருப்பிக் கேட்பது வழக்கம். லாரி பல முறை சூடேறி ஆறி, எந்த எண்ணும் திரும்பி வராமல் ஓடும்வரையாவது அதைக் கொடுக்காமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஏதாவது ஓர் அளவு விடுபட்டுப்போனது பின்னர் தெரிய வந்தால், அதைத் திரும்ப எடுக்க அந்தப் பெட்டி ஒன்றுதான் வழி. அதுவரை அதைத் திறக்காமல், கனெக்டர் வாயை மூடி, ஈரம் படாத இடத்தில் வைத்திருங்கள்.